பொட்டு வைத்த பம்பு

சாவியைத் திருப்பியதும் காரின் முன்மூடிக்குள்ளிருந்து "டிக், டிக், டிக்" என்று ஓர் ஓசை எழும். எண்ணெய் நிறைந்ததும் அது தானாக அடங்கும். அடங்கிய பிறகுதான் அப்பா இன்ஜினைக் கிளப்புவார். ஜப்பான்காரன் காலத்தில், பினாங்கில் சூலியா தெருவை ஒட்டிய எங்கள் சந்தில், பொழுது விடிந்ததற்கு அந்த எண்ணெய்ப் பம்பின் ஓசைதான் அடையாளம். அது சீராக வந்தால் அம்மா அடுப்புப் பக்கம் திரும்புவாள். விட்டுவிட்டு வந்தால் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவாள்.

ஏனென்றால் அந்தக் கார் ஓடும்வரைதான் அப்பா எங்களோடு இருக்க முடியும். வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்த அவரை, காரோடு சேர்த்து ஒரு ஜப்பான் அதிகாரிக்கென்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலையில்லாத தமிழ் ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட லாரியில் அள்ளிக்கொண்டு போன காலம் அது. போனவர்களில் திரும்பி வந்தவர் என்று எங்கள் சந்தில் ஒருவரும் இல்லை. "வண்டி நின்னா நானும் சயாம்தான்லா" என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

பெட்ரோல் கிடைக்காமல், ரப்பரைக் காய்ச்சி வடித்த நாற்றமெடுத்த எண்ணெயைக் காருக்கு ஊற்றினார்கள். அது பம்புக்குள் இருந்த மெல்லிய சவ்வைத் தின்றுவிட்டது. பம்பு நிற்கும்போதெல்லாம் அப்பா இறங்கி, ஸ்பானரால் அதன் தலையில் ஒரு தட்டு தட்டுவார். நாலு நாள் அப்படி ஓடியது. பிறகு தோட்டத்திலிருந்து ஒரு ரப்பர் ஷீட்டு வாங்கி வந்து, வட்டமாக வெட்டிப் புதுச் சவ்வு போட்டார். ரப்பர் விளைகிற ஊரில் வேறென்ன தோன்றும்! எண்ணெய் பட்டதும் அது அப்பம் போல உப்பி, கார் நடுரோட்டில் நின்றது. அதிகாரி இறங்கி, அப்பாவின் இரண்டு கன்னத்திலும் அறைந்து, நாளைக் காலை கார் ஓடவேண்டும், இல்லையென்றால் லாரி என்று அரைகுறை மலாயில் சொல்லிவிட்டு நடந்தே போய்விட்டானாம்.

அன்று மதியம் அப்பா செத்த பம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைகளில் இருந்த சாமான்களையெல்லாம் ராணுவம் முன்பே வாரிக்கொண்டு போயிருந்தது. அம்மா அவருடைய இரண்டு சட்டைகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. பாழாய்ப்போன நாக்கு, எனக்கு அப்போது ஒன்பது வயது, சொல்லிவிட்டேன்.

"அப்பா, சுந்தரம் மாமா வீட்டுல பம்பு இருக்கு."

சுந்தரம் மாமா அடுத்த வீட்டுக்காரர். அவரும் கார் ஓட்டியவர்தான். அவருடைய காரும் எங்கள் கார் மாதிரியே, ஒரே கம்பெனி. ஜப்பான்காரன் கார்களைப் பிடிக்க வந்தபோது, "பம்பு போச்சு, ஓடாது" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டு, கப்பல் ஜெட்டித் துறையில் மூட்டை தூக்கப் போய்க்கொண்டிருந்தார். பம்பு போகவில்லை. கழற்றி, பிஸ்கட் டின்னில் போட்டுக் கோழிக்கூண்டுக்கு அடியில் புதைத்திருந்தார். அத்தனை கவனமான மனிதர் ஆயுத பூசையன்று மட்டும் மனசு கேட்காமல் அதைத் தோண்டியெடுத்து, ஸ்பானர் ஜாக்கியோடு சாமி முன்னால் வைத்து, மஞ்சளில் சுண்ணாம்பு குழைத்துச் சிவப்பாகப் பொட்டும் வைத்துவிட்டார். அவர் மகள் ராசம்மா என் தோழி. அவளைத் தேடிப் பின்கதவு வழியாக நுழைந்த நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்தது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கேட்டதும் மாமாவின் முகம் வெளுத்துவிட்டது.

"யாருண்ணே சொன்னா?"

"புள்ளைங்க பேச்சு காதுல விழுந்துச்சு, தம்பி." என்னைக் காப்பாற்றத்தான் அப்பா அப்படி மழுப்பினார்.

மாமா திரும்பி ராசம்மாவின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். "ஒன் வாயத் தைக்கணும்டி!"

"நான் சொல்லலப்பா, சத்தியமா சொல்லல" என்று அவள் கதறினாள். நான் என் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

 பிறகு மாமா கோழிக்கூண்டை நகர்த்தித் தோண்டி, பம்பைத் தன் கைலியிலேயே துடைத்து நீட்டினார். "எடுத்துட்டுப் போங்கண்ணே. நீங்க சயாமுக்குப் போனா, இந்த இரும்ப வச்சி நான் யாருக்குப் பூச போடுறது?"

வெளிச்சம் இருக்கும்போதே அப்பா அதை மாட்டி முடித்தார். மறுநாள் காலை ஓசை சீராக வந்தது. அம்மா அடுப்புக்குப் போனாள். மூன்றாம் நாள் ராணுவப் பட்டறையில் ஒருவன் முன்மூடியைத் திறந்து, பம்பின் திருகுப் பள்ளத்தில் சிவப்பாக ஒட்டியிருந்ததைச் சுரண்டிப் பார்த்தான். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டான். பழைய இரும்புக் கடையில் வாங்கினேன் என்று அப்பா எவ்வளவு நேரம் சொன்னாரோ தெரியாது. வீடு திரும்பியபோது அவருக்கு ஒரு கண் திறக்கவில்லை. "அடி தாங்கல, வாயிலேர்ந்து வந்துடுச்சு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

அவர் வருவதற்குள்ளேயே அடுத்த வீட்டு வாசலில் லாரி வந்து நின்றுவிட்டது; வந்தவர்கள் பம்பிலிருந்த பொட்டைச் சொல்லிக் கத்திக்கொண்டே மாமாவை இழுத்து வந்தார்கள். மாமா ஏறும்போது எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி, "நான்தான் சரியாத் தொடைக்காமக் குடுத்துட்டேன், அண்ணன்கிட்ட சொல்லுங்க அண்ணி, என் தப்பு" என்று உரக்கச் சொன்னார். சயாமிலிருந்து அவர் வரவேயில்லை. "வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்தாளா, அப்பனையே முழுங்கிட்டா" என்று ராசம்மாவின் அம்மா, சாகும்வரை அவளைக் கரித்துக்கொட்டினாள்.

அந்தச் சந்தில் இப்போது வெள்ளைக்காரப் பயணிகள் தங்குகிற விடுதிகள் இருக்கின்றன; கோழிக்கூண்டு இருந்த இடத்தில் காப்பிக் கடை. கல்யாணமாகிச் சுங்கை பாக்காப்புக்குப் போன ராசம்மா போன மாதம் இறந்துபோனாள். துக்கம் கேட்கப் போயிருந்தேன். அவள் மகன் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "சின்ன வயசுல அம்மா எதையோ ஒளறப் போயித்தான் தாத்தா போனாராம். அதான் கடைசி வரைக்கும் அவங்க யாருகிட்டயும் அதிகமாப் பேசமாட்டாங்க."

அங்கேயும் நான் வாயைத் திறக்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். இப்போது எழுதுகிறேன், அவன் படிக்கட்டும்: தம்பி, உன் அம்மா யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னவள் நான்.