பாலர் பள்ளியில் ஒரே ஆண் ஆசிரியர்

1. வாசலில்

அன்று காலை வசந்தி தன் மகளை என்னிடம் விடவில்லை.

எங்கள் பாலர் பள்ளி சிங்கப்பூரில், தோ பாயோவில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. காலையில் வாசலில் நின்று, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்து, பையை வாங்கிக்கொண்டு உள்ளே அனுப்புவது என் வேலை. மூன்று வயது தியா வழக்கமாக அம்மாவின் கையை உதறிவிட்டு என்னிடம் ஓடிவருவாள். அன்றும் ஓடிவரத்தான் பார்த்தாள். வசந்தி அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் நேராக ஆபீசுக்குள் போனார்.

சிறிது நேரத்தில் பிரின்சிபல் மிஸஸ் செல்லையா என்னைக் கூப்பிட்டார். வசந்தி மகளோடு பின்வாசல் வழியாகப் போய்விட்டிருந்தார்.

“குமார், தியா கையில நீலமா ஒரு தடம் இருக்கு. விரல் பதிஞ்ச மாதிரி. நேத்து ராத்திரி குளிப்பாட்டறப்போ அம்மா பாத்திருக்காங்க. யாரு பிடிச்சான்னு கேட்டா, ‘சார்’னு சொல்லுதாம் பிள்ள.”

“நான் பிடிக்கல மேடம்.”

“நீங்க பிடிச்சீங்கன்னு நான் சொல்லல. ஆனா விசாரிக்கணும் இல்ல? அதுவரைக்கும் கிளாசுக்குப் போக வேணாம். ஆபீஸ்ல இருங்க.”

எங்கள் பள்ளியில் ‘சார்’ என்றால் நான் ஒருவன்தான். மற்ற எல்லோரும் மிஸ்.

2. கேமரா

வகுப்பில் கேமரா இருக்கிறது. முதல் நாள் மதியம் தூக்க நேரம் முடிந்தபோது பதிவானதை மிஸஸ் செல்லையா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டார். தியா மெத்தையை விட்டு எழ மாட்டேன் என்று படுத்திருக்கிறாள். நான் மண்டியிட்டு அவளைத் தூக்கி உட்காரவைக்கிறேன். படத்தில் தெரிவது என் முதுகு மட்டும். தியாவை என் உடம்பு மறைத்துவிட்டது.

“இந்த இடத்துல உங்க கை எங்க இருக்கு?”

“ரெண்டு அக்குள்ளயும் கைய கொடுத்துத் தூக்கினேன் மேடம். எப்பவும் அப்படித்தான் தூக்குவேன்.”

அவர் மறுபடியும் போட்டார். மூன்றாவது முறை பார்த்தபோது எனக்கே என் முதுகு பிடிக்காமல் போயிற்று. இந்த ஆள் குனிந்து என்ன செய்கிறான் என்று நானே உற்றுப் பார்த்தேன்.

நான் சேர்ந்த அன்றே மிஸஸ் செல்லையா சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். பிள்ளைகளுக்கு டயப்பர் மாற்றுவதும் குளிக்கவைப்பதும் என் வேலை இல்லை. மடியில் உட்காரவைக்கக் கூடாது. ஒரு பிள்ளையோடு தனியாக எந்த அறையிலும் இருக்கக் கூடாது. “எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்” என்றார். நானும் நம்பினேன். அந்த வாரம் ஆபீசில் உட்கார்ந்து வண்ணக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தபோது, யாரிடமிருந்து யாருக்குப் பாதுகாப்பு என்ற கேள்வி வந்தது.

எல்லோர் மீதும் எனக்குச் சந்தேகம் வந்தது அந்த நாட்களில்தான். என்னோடு அதே வகுப்பை நடத்தும் மிஸ் ஹமீதா ஆபீஸ் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனால், என்னைப் பற்றித்தான் உள்ளே பேசுகிறார்கள் என்று தோன்றும். சமையல் செய்யும் அக்கா டீயை மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனால் அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடிப்பேன். எம்ஆர்டி ரயிலில் ஒரு சின்னப் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டேன்.

3. வீட்டில் இரண்டு புது வேலைகள்

என் மனைவி சந்திராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் லிப்ட் டெக்னீஷியன். அதற்கு முன் ஓர் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தாள். நான் தஞ்சோங் பகாரில் ஒரு கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிரிவை மூடினார்கள். நாங்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் படித்து வேலை மாறினோம்.

சிராங்கூன் ரோட்டில் ஒரு கல்யாண விருந்தில் உறவினர்கள் சந்திராவைச் சுற்றி நின்று, “லிப்ட் மேலயே ஏறி நிப்பியா? பயமா இல்லயா?” என்று ஆர்வமாகக் கேட்டார்கள். அவளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். என்னிடம் வந்த சித்தப்பா குரலைத் தாழ்த்தி, “வேற ஒண்ணும் கெடைக்கலயாடா?” என்றார். பெண் ஆண்களின் வேலைக்குப் போனால் மேலே ஏறினாள் என்கிறார்கள். ஆண் பெண்களின் வேலைக்கு வந்தால் இறங்கிவிட்டான் என்கிறார்கள். அன்றைக்கு எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

சந்திராவுக்கும் எதுவும் சும்மா கிடைத்துவிடவில்லை. அவள் டூல்பாக்சைத் திறந்ததும், “ஆம்பள யாரும் வரலயா?” என்று கேட்டுவிட்டு பின்னாலேயே நிற்பவர்கள் உண்டு. அவள் முடித்த வேலையைச் சரிபார்க்க சூப்பர்வைசர் வெகுநாள் வேறொருவரை அனுப்பினார். இருந்தாலும் லிப்ட் ஓடிவிட்டால் கேள்வி அடங்கிவிடும். அடுத்த புளோக்கில் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், அது வேறு கதை.

தியா விஷயம் நடந்த அன்று பிடோக்கில் எங்கள் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். சந்திரா சோற்றைத் தட்டில் போட்டவள் அப்படியே நின்றாள்.

“என்னங்க, தெரியாம வேகமா இழுத்துட்டீங்களா?”

“நீயுமா?”

“கேக்கிறேன். சொல்லுங்க.”

“இல்ல.”

“சரி. சாப்பிடுங்க.”

நான் சாப்பிடவில்லை. அவளோடு பேசவும் இல்லை.

மறுநாள் அவளே வந்து உட்கார்ந்தாள். “நான் ரிப்பேர் பாத்த லிப்ட் நின்னுபோச்சுன்னு கால் வந்தா, நீங்க என்ன கேப்பீங்க? ‘ஏதாச்சும் விட்டுட்டியா’ன்னுதான. கேட்டேன், இல்லன்னீங்க, எனக்கு அதோட முடிஞ்சுது. கேக்காம மனசுக்குள்ளயே வச்சிருந்தா பரவாயில்லயா?”

“உன் லிப்ட் ஓடிச்சுன்னா எல்லாரும் நம்பிடுவாங்க. நான் எதக் காட்டி நம்பவைக்கிறது?”

“அது நெஜந்தான் லா” என்று மட்டும் சொன்னாள்.

4. அப்பா

அந்த வாரக் கடைசியில் தியாவின் அப்பா பாலா தனியாகப் பள்ளிக்கு வந்தார். மிஸஸ் செல்லையாவின் அறைக்கு என்னையும் கூப்பிடச் சொன்னாராம். நான் போனபோது அவர் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். புகாரை எழுதிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லத் தயாராகத்தான் போயிருந்தேன்.

“நான்தான் சார்” என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை.

“ஞாயித்துக்கெழம வசந்திக்கு டூட்டி. நான் தியாவ தேக்கா மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். பஃபலோ ரோட்டுல ஒரே கூட்டம். பூக்கடைகிட்ட கைய விட்டுட்டு ரோட்டுக்கு ஓடிட்டா. வேன் வருது. கையப் பிடிச்சு ஒரே இழுப்பா இழுத்தேன். அன்னிக்கு ஒண்ணும் தெரியல. மறுநாள்தான் நீலமாயிருக்கு.”

“வீட்ல சொல்லலயா?” என்று கேட்டார் மிஸஸ் செல்லையா.

“சொல்லத்தான் நெனச்சேன். கூட்டத்துல கைய விட்டேன்னு தெரிஞ்சா அவ சும்மா இருக்க மாட்டா. அதுக்குள்ள ‘சார்’னு தியா சொல்லிட்டா. அவளுக்கு என்ன கேட்டாலும் ‘சார்’தான். யாரு சோறு குடுத்தான்னு கேட்டாலும் ‘சார்’. வசந்தி உடனே நம்பிட்டா. நான் பேசாம இருந்துட்டேன். நேத்து ராத்திரிதான் அவகிட்ட சொன்னேன்.”

அவர்மேல் கோபப்பட எனக்கு எல்லா நியாயமும் இருந்தது. வாயில் வந்தது ஒரு கேள்விதான்.

“பிள்ள மிஸ் ஹமீதா பேரச் சொல்லியிருந்தா, இத்தன நாள் பேசாம இருந்திருப்பீங்களா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அவங்க பேரச் சொல்லியிருந்தா வசந்தி நம்பியிருக்கவே மாட்டா சார்.”

மிஸஸ் செல்லையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குக் கோபம் வடிந்துவிட்டது. பாலா பொய் சொல்லவில்லை.

5. கேட்கச் சொன்னது

திங்கட்கிழமை வாசலில் நின்றேன். தியா ஓடிவந்தாள். வசந்தி பையை என்னிடம் நீட்டிவிட்டுப் போகாமல் நின்றார்.

“நான் சந்தேகப்பட்டது தப்புன்னு சொல்ல மாட்டேன் சார். எம் பிள்ள. ஆனா உங்ககிட்டயே நேரா கேட்டிருக்கணும். கேக்காம போனதுக்கு சாரி.”

“கேட்டிருந்தா நம்பியிருப்பீங்களா?”

“தெரியல” என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

பள்ளியின் விதிகள் ஒன்றும் மாறவில்லை. இன்றும் நான் டயப்பர் மாற்றுவதில்லை. அழும் பிள்ளையைத் தூக்குமுன் கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண் தானாகத் தேடுகிறது. இந்த வேலைக்கு வர நினைக்கும் ஆண்கள் சிலர் என்னிடம் விசாரிக்கிறார்கள். இந்தச் சந்தேகம் போய்விடும் என்று நான் அவர்களிடம் சொல்வதில்லை. சந்திராவிடம் முடியுமா என்று கேட்பார்கள், அவள் செய்து காட்டுவாள். என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கேட்கிற சந்தேகத்துக்குப் பதில் சொல்லலாம். கேட்காத சந்தேகத்தோடு ஒன்றும் செய்ய முடியாது. நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

அடுத்த ஆண்டு புதுப் பெற்றோருக்கான ஓரியண்டேஷன் கூட்டத்தில், மிஸஸ் செல்லையாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு எழுந்து நின்றேன்.

“நான் குமார். இங்க ஆம்பள டீச்சர் நான் ஒருத்தன்தான். உங்க மனசுல ஏதாச்சும் கேள்வி இருக்கும். வீட்டுக்குப் போய்ப் பேசிக்காதீங்க, இங்கயே கேளுங்க.”

ஒருவர் கைப்பேசியைப் பார்த்தார். மிஸ் ஹமீதா நாற்காலிகளைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். கடைசி வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினார்.

“ஆம்பளைங்களுக்கு எவ்வளவோ வேல இருக்கு. நீங்க ஏன் சார் இதுக்கு வந்தீங்க?”

“முதல்ல வேற வழி இல்லாமத்தான் வந்தேன். வந்தப்புறம் பிடிச்சுப் போச்சு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்வையை விலக்கவில்லை. பிறகு இன்னொருவர் கையைத் தூக்கினார். அதற்குப் பின்னால் இன்னும் ஒருவர்.