இன்சுலின் செடியும் என் மாத்திரை அட்டையும்

எங்கள் பனியன் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் தொட்டிகளில் இன்சுலின் செடி வளர்த்தேன். இஞ்சிக்குச் சொந்தக்காரச் செடி. தண்டைச் சுற்றிப் படிக்கட்டு மாதிரி இலைகள் ஏறும். சரக்கு வாங்க வருகிற பையர்கள்கூட நின்று பார்ப்பார்கள். எனக்குச் சர்க்கரை உண்டு. காலையில் இரண்டு இலை மெல்லுவேன். கூடவே மாத்திரையும் விழுங்குவேன். அதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. செடியின் பெருமை குறைந்துவிடுமே!

தைத்த பனியன்களைச் சரிபார்க்கிற செக்கிங்கில் நாள் முழுக்க நின்று வேலை செய்த செல்விக்கும் சர்க்கரை. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்க மாதம் ஒருமுறை என்னிடம் அரை நாள் லீவு கேட்பாள். ஷிப்மென்ட் நெருக்கிய ஒரு மாதம் அவளைச் செடியருகே கூட்டிப்போனேன்.

"எதுக்குக் கண்ணு ஆஸ்பத்திரியில போயி கால் கடுக்க நிக்கறே? தெனம் ரெண்டு எலை மெல்லு. எனக்கு இதுலதான் கட்டுப்பட்டுச்சு."

அதன்பின் அவள் லீவே கேட்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆறு மாதம் கழித்து அவள் காலில் ஒரு கொப்புளம். கட்டிங் வேஸ்ட் துணியைச் சுற்றிக்கொண்டு நின்றே வேலை பார்த்தாள். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடைசியில் ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள்.

பார்க்கப் போனபோது கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "ஒரு நாளும் விடலக்கா. நான்தான் சரியா மெல்லலியோ?"

"அப்படித்தான் இருக்குங் கண்ணு" என்றேன்.

இப்போது இலை கேட்டு யார் வந்தாலும் முதலில் என் மாத்திரை அட்டையைக் காட்டுகிறேன். ஆஸ்பத்திரிக்கென்றால் மறுபேச்சில்லாமல் லீவு கொடுக்கிறேன். செல்விக்கு உட்கார்ந்து செய்கிற வேலை போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவளிடம் மட்டும் அந்த அட்டையை இன்னும் காட்டவில்லை.