மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தபோது

சென்ற ஆண்டு சித்திரை வெயிலில், சமயநல்லூரைத் தாண்டி இருக்கும் ஒரு நூற்பாலையில் நடந்தது இது. அங்கே நான் மின்பிரிவுப் பொறியாளர். இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குப் புதிய மென்பொருள் வந்திருந்தது. நம் கைபேசிக்கு அப்டேட் வருமே, அதேபோல்தான். அதை ஏற்றலாமா வேண்டாமா என்று சோதித்துச் சொல்வது என் பொறுப்பு.

மேலாளருக்கு அவசரம். "கம்பெனிக்காரன் டெஸ்ட் பண்ணாமலா அனுப்புவான்? எல்லா மெஷின்லயும் ஏத்தி விடும்மா" என்றார். எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். முதலில் ஒன்றே ஒன்றில்தான் என்று நின்றேன். "சரியான சந்தேகப் பிராணி" என்று சிரித்துவிட்டுப் போனார்.

பஞ்சை உருளைகளுக்கு இடையே விட்டு இழுக்கும் இயந்திரம் அது. மதியம் வரை ஓட்டிப் பார்த்ததில் எல்லாமே கச்சிதம். சரி என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என எழுந்தபோதுதான் உறைத்தது: எங்கள் ஆலையில் கரண்டு போகாத நாள் உண்டா? அதை நான் சோதிக்கவே இல்லையே! போய் அந்த இயந்திரத்தின் மெயின் சுவிட்சை அணைத்தேன்.

இயந்திரம் நின்றதுதான் தாமதம், அதை ஓட்டும் அக்கா உருளையில் சுற்றியிருந்த பஞ்சை எடுக்கக் கையை நீட்டிவிட்டார். எங்கள் ஆலையில் எல்லோருக்குமே அந்தப் பழக்கம்தான். கரண்டு போனால், ஜெனரேட்டர் ஓடத் தொடங்குவதற்குள் சுத்தம் செய்துவிடுவார்கள். பச்சைப் பொத்தானை அழுத்தாமல் இயந்திரம் ஓடாது என்ற தைரியம்.

"அக்கா, கைய எடுங்க! இன்னும் டெஸ்ட் முடியல" என்று கத்தினேன்.

"கரண்டு இல்லாதப்பத்தானம்மா கைய வைக்க முடியும்? இம்புட்டுப் பஞ்சு சுத்திக் கெடக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே என் பக்கம் வந்தார்.

சுவிட்சைப் போட்டேன். பச்சைப் பொத்தானை யாரும் தொடவில்லை. உருளைகள் தாமாகவே சுழல ஆரம்பித்தன.

அக்கா தன் விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு "ஆத்தி!" என்று என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். "நல்லா இருப்ப தாயி." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாடா என்று பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மேலாளர் வந்து பார்த்துவிட்டு, பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றச் சொன்னார். கம்பெனிக்கும் அவரே போன் போட்டுச் சத்தம் போட்டார்.

இப்போதும் புதிதாக எது வந்தாலும், அது எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்பதைவிட, அது ஓடும்போது யாருடைய கை எங்கே இருக்கும் என்பதைத்தான் முதலில் யோசிக்கிறேன்.