அருளப்பருக்கு ஒரு மாலை

போன இரண்டு வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. தேடினீர்களா? (தேடாவிட்டாலும் ஆமாம் என்று சொல்லி வையுங்கள்.) நான் துருக்கியில் இருந்தேன் — எபேசு என்கிற பழைய நகரத்தின் இடிபாடுகளில்!

என் மனைவி பிலோமினா கள்ளக்குறிச்சியில் டீச்சர். இயேசுவின் சீடர் அருளப்பரின் கல்லறை எபேசில்தான் இருக்கிறது என்று எட்டு வயதில் சர்ச் ஞானோபதேச வகுப்பில் கேட்டதிலிருந்து அங்கே போக அவளுக்கு ஆசை. முப்பது வருட ஆசை! நாங்கள் கிளம்பிய நாள் பார்த்தா ஒரு வார மறியல் வர வேண்டும்? இட ஒதுக்கீடு கேட்டு வழியெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். ராத்திரி மெட்ராஸில் விமானம்.

தியாகதுருகம் பூக்கடையில் டாக்சி டிரைவர் வண்டியை நிறுத்தினார்.

"ஒரு மாலை வாங்கி மடியில வெச்சிக்கோங்க சார். சாவுக்குப் போறவங்கள யாரும் தடுக்க மாட்டாங்க."

வாங்கினேன். பொய் சொன்ன பிள்ளையை பெஞ்சில் ஏற்றுகிற டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொஞ்ச தூரத்தில் நடுரோட்டில் புளியமரம். தோளில் கோடாலியோடு ஒருவர் வந்தார். மாலையைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்தார்.

"யாரும்மா தவறிட்டது?"

நான் ஒரு பொய்யை யோசிப்பதற்குள் பிலோமினா வாயைத் திறந்தாள். "அருளப்பருங்க."

"வயசானவரா?"

"ரொம்ப வயசுங்க."

"எப்ப எடுக்கறாங்க?"

"எடுத்துட்டாங்கண்ணே. கல்லறையைத்தான் பாக்கப் போறோம்."

ஒரு வார்த்தையாவது பொய்யா? இல்லையே!

"அடப்பாவமே, மொகத்தகூடப் பாக்கலியா! டேய், வாங்கடா!"

ஆறு பேர் முக்கி முனகி மரத்தின் நுனிப்பக்கத்தைப் புரட்டி வழி விட்டார்கள்.

"எங்க புள்ளைங்க படிப்புக்காகத்தாம்மா ரோட்டுல நிக்கிறோம். தப்பா நெனச்சிக்காத. எங்க பேருலயும் ஒரு பூ வெச்சிடு."

விழுப்புரம் வந்தது. பிலோமினா மாலையிலிருந்து ஒரு சாமந்தியைப் பிய்த்து டிபன் பாக்ஸில் வைத்து மூடினாள்.

எபேசு! என்னவென்று சொல்ல? சலவைக்கல் பாவிய தெரு... அந்தக் காலத்து வண்டித் தடம் கல்லில் இன்னும் பள்ளமாக இருக்கிறது. நூலகத்தின் முகப்பு மட்டும் இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கிறது, பின்னால் வெறும் ஆகாயம். அரங்கத்தின் நடுவில் நின்று கை தட்டினேன். உச்சிப் படியில் இருந்த பிலோமினா பதிலுக்குத் தட்டினாள்! ஒரு தூண் விடாமல் தொட்டுப் பார்த்தேன். தியாகதுருகம் மலைக்கோட்டையில் இதுவரை ஏறாதவன்தான் நான், அது வேறு கதை.

கல்லறை பக்கத்துக் குன்றில் இருந்தது. நான்கு தூண், நடுவில் ஒரு பலகைக்கல். பிலோமினா முழங்காலிட்டு, சருகாகிப்போன சாமந்தியை வைத்தாள். அழுதாள். எனக்கும் கண் கலங்கியது — மறைப்பானேன்?

திரும்பி வரும்போது ரோட்டில் மரம் இல்லை. ஆனால் ஓரத்து டீக்கடையில் அதே மனிதர்! பிலோமினா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போனாள். மனசு உறுத்துகிறதே, என்ன செய்வாள்?

"உங்க பூவ வெச்சிட்டேண்ணே. ஆனா... அவரு செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆவப்போவுது. இயேசுவோட சீடரு. மாலையக் காட்டி உங்கள ஏமாத்திட்டோம்."

நான் காருக்குள் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டேன்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "பூ வெச்சியா?"

"வெச்சேன்."

"எங்க பேருல?"

"உங்க பேருலதாண்ணே."

பெஞ்சிலிருந்து எழுந்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"ரெண்டாயிரம் வருஷம் காத்துக்கினு இருந்தவரு, இன்னும் ஒரு வாரம் இருக்க மாட்டாரா? மரம் தூக்கின இடுப்பு இன்னும் வலிக்குதும்மா!"