சுருளிப்பட்டியில நகத்துன கட்டிலு

சுருளிப்பட்டில நான் வந்த பஸ்ஸு நிக்குது. "நிலநடுக்கம் வந்தா வெட்டவெளிக்கு வந்துருங்க"ன்னு ஒரு ஜீப்பு மைக்குல சொல்லிக்கிட்டு வருது. கல்யாணமான புதுசுல இங்கன நிலம் ஆடுனப்ப, ஊரே நெல்லுக் களத்துல போயி உக்காந்துச்சு. எம் பொண்டாட்டி என் வேட்டி முனைய விடவே இல்ல. அந்தக் களம் இப்பத் திராட்சைப் பந்தலு.

ரோட்டோர வீட்டம்மா ஜீப்ப மறிக்குது. "எந்திரிக்க முடியாத மனுசன வச்சிருக்கேன் தம்பி. வாசலத் தாண்டுனா வெட்டவெளி ஏது, பூராம் திராட்சைப் பந்தலுக் கல்லுத் தூணு. எங்கன தூக்கிட்டு ஓட?"

மைக்குக்காரரு எறங்கி உள்ள பாக்குறாரு. "தூக்காதீகம்மா. கட்டில்லயே கெடக்கட்டும், தலகாணியால தலைய மூடிக்கிரட்டும். மேல பரண்ல அண்டா இருக்கு பாருங்க, அதான் ஆபத்து. கட்டில அங்கிட்டுத் தள்ளிப் போடுங்க."

நானும் பஸ்ஸ விட்டு எறங்கிப் போயி கட்டில் காலு ஒன்னப் பிடிக்கிறேன். நாலு பேரு இழுக்கவும் கட்டிலு சாயுது.

படுத்திருக்கவரு கத்துறாரு: "ஏப்பா, பூகம்பம் வந்து பாத்துக்கிரட்டும்! அதுக்கு முந்தி நீங்களே கவுத்திராதீகப்பா!"