வாலின் அளவும் மாமன் சீரும்

என் வேலை வால்களை அளப்பது. குளத்துப் பச்சை நீரில் வாழும் ஒற்றைச் செல் பாசிக்கு இரண்டு வால்கள், அதுவும் முன்பக்கத்தில். "வால் எங்கயாச்சும் முன்னால இருக்குமாடி?" என்று அம்மா சிரிப்பாள். ஒரு வாலை ஒடித்தால் மற்றது சற்றுக் குறுகும், ஒடிந்தது வளரும், இரண்டும் சமமானதும் சேர்ந்து வளர்ந்து பழைய அளவில் நின்றுவிடும். எங்கே நிற்பது என்பதைத் தீர்மானிப்பதில் கைனேஸ் என்ற புரதங்களுக்குப் பங்கு உண்டு. அவை மற்ற புரதங்கள்மேல் பாஸ்பேட்டை ஒட்டி, வேலை செய் என்றோ நிறுத்து என்றோ சொல்லும். அப்படி நிறுத்தச் சொல்லும் கைனேஸ் ஒன்று கெட்டால் வால் நீண்டுகொண்டே போகும். நீளவால் பாசி பெரிய நீச்சல்காரன் ஆகிவிடாது. தட்டுத்தடுமாறி நிற்கும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சுதான்.

மனிதச் சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்களுக்கும் ஒவ்வொரு மயிரிழை உண்டு, அதன் நீளத்தையும் கைனேஸ்களே காக்கின்றன. இதைப் பாடமாகப் படித்திருந்தேன். பிறகு அக்காள் மகளின் பரிசோதனை முடிவில் படித்தேன். ஆனையூரில் இருக்கும் அக்காள் எங்கள் பெரிய மாமாவை, அதாவது அம்மாவின் தம்பியை, மணந்தவள். கெட்டுப்போன கைனேஸ் மரபணு அவளிடமிருந்து ஒன்று, மாமாவிடமிருந்து ஒன்று என்று இரண்டும் பிள்ளைக்கு வந்திருந்தன. வாரந்தோறும் டயாலிசிஸ். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

சின்ன மாமா தல்லாகுளத்தில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். என்னைவிடச் சில வயதே மூத்தவர். நான் அவருக்குத்தான் என்பது வீட்டில் பேசி முடித்த விஷயம். எனக்கும் அவரைப் பிடிக்கும், நிறையவே. பிள்ளைக்கு நோய் வந்ததும் பயந்துபோன அம்மா, கீழக்குயில்குடி அய்யனார் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தாள். வெள்ளைப் பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். பூசாரி எடுத்த பொட்டலத்தில் வெள்ளை இருந்தது.

நானும் சின்ன மாமாவும் ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். இருவரிடமும் அதே மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டிருந்தது.

"ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் நல்லாத்தானே இருக்கீங்க?" என்றாள் அம்மா.

"ஒரு பிரேக் போனாலும் இன்னொன்னு பிடிக்கும்மா. ரெண்டும் போனாத்தான் வம்பு. எங்களுக்குப் பொறக்குற பிள்ளைக்கு ரெண்டும் போயிருக்கலாம்" என்றேன்.

"சாமியே வெள்ளையைக் கொடுத்துருச்சே!"

சின்ன மாமா சொன்னார்: "அக்கா, எனக்கும் இவளுக்கும் பொருத்தமான்னுதான் சாமிகிட்ட கேட்ட. அதுக்குச் சரின்னு சொல்லிருச்சு. பிள்ளைகளைப் பத்தி நீ கேக்கவே இல்லையே."

கருவிலேயே சோதித்துப் பார்க்கலாம் என்று அவரிடம் பிறகு தனியாகச் சொன்னேன். ஒர்க்‌ஷாப் வாசலில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "அந்தப் பிள்ளைக்கு ஊசி குத்துறப்பல்லாம் நான்தான் கையைப் பிடிச்சுக்கிறேன். இன்னொரு தடவை என்னால ஆகாது, புள்ள." எனக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் ஏறிய பிறகே அழுதேன்.

சொந்தத்தை விட்டு அசலில் மாப்பிள்ளை பார்த்தார்கள். மாப்பிள்ளை நல்லவர், இன்றுவரை குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் மாமன் சீர் இல்லாமல் எங்களில் கல்யாணம் நடக்காது. பெரிய மாமா மகளோடு ஆஸ்பத்திரியில் இருந்ததால் அந்த முறை சின்ன மாமாவுக்கு வந்தது. பட்டுப்புடவை, மாலை, பழத்தட்டுகளோடு மேளம் முன்னால் வர, அவர் வந்தார். மாலையை அவரே என் கழுத்தில் போட்டார். முறைப்படி என் கையைப் பிடித்து மணமேடைக்கு அழைத்துப்போய், மாப்பிள்ளை பக்கத்தில் உட்காரவைத்தார்.

எவ்வளவு தேய்த்துக் கழுவியும் அவர் நகக்கண்ணில் கிரீஸ் கறை போகவில்லை. ஐயர் இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் கையை விட்டார். நானும் அதற்கு முன் விடவில்லை.