ராயப்பன் அண்ணாச்சியும் என் இருபது புள்ளிகளும்

ராயப்பன் அண்ணாச்சி இறந்துவிட்டார் என்ற செய்தியை அவருடைய மச்சினர் லூர்துதான் எங்கள் கப்பல் ஏஜென்சி அலுவலகத்துக்கு வந்து சொன்னார். காலை பத்து மணி இருக்கும். நான் நம்பவில்லை. "இது அண்ணாச்சி சொல்லி அனுப்புனதா?" என்று கேட்டேன்.

லூர்து என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "செத்தவரு எப்படிவே சொல்லி அனுப்புவாரு? காலைல நெஞ்சு வலிக்குன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சுபோச்சு."

அப்படிக் கேட்டதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். ஆனால் அவரை அறிந்தவர்களுக்கு, நான் ஏன் கேட்டேன் என்பது ஓரளவு புரியும். அலுவலக டெலிபிரிண்டரில் நாங்கள் ஆடிய ஒரு விளையாட்டின் நடுவே ஒரு நாள், "தோணி கவிழ்ந்தது, எல்லாரும் காலி" என்று எனக்கும் கொச்சியிலிருந்து ஆடியவருக்கும் பொய்யாக அறிவித்துவிட்டு, நாங்கள் பதறுவதைச் சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். நானோ பிறவிச் சந்தேகப் பேர்வழி. வீட்டைப் பூட்டி மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனையிலிருந்து திரும்பி வந்து நான்காம் முறையும் இழுத்துப் பார்ப்பவன்.

அண்ணாச்சி எங்கள் அலுவலகத்து டெலிபிரிண்டர் ஆபரேட்டர். எங்களுக்கும் கொச்சிக் கிளைக்கும் நேரடி லைன் இருந்தது. நாங்கள் இங்கே அடிப்பது அங்கே தாளில் விழும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் லைன் சும்மா கிடக்கும். அவசர நிலை முடிந்த மறு வருடம், துறைமுகத்துக்கு வந்த வெளிநாட்டுக் கப்பலின் வயர்லெஸ் அதிகாரி ஒருவர் அவருக்கு ஒரு சைக்ளோஸ்டைல் புத்தகம் கொடுத்துவிட்டுப் போனார். ஆளுக்கொரு பாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டு. அதில் வாளும் மந்திரமும் பூதமும் இருந்தன. "இந்தப் பூதத்தை வச்சு நாம என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு, ஒரே வாரத்தில் அதை முத்துக்குளிப்பு விளையாட்டாக மாற்றிவிட்டார். அண்ணாச்சி நடுவர். இங்கே நான், கொச்சியில் வர்கீஸ் என்ற கிளார்க். அந்த மெஷினில் தமிழ் எழுத்து கிடையாது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து ஆடினோம்.

ஆளுக்கொரு குளியாளி, அதாவது கடலில் மூழ்கிச் சிப்பி எடுப்பவன். அவனுக்கு இருபது புள்ளிகள். மூச்சு, கண், கை, வாய், கயிறு என்று ஐந்தாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வாய் என்பது கரையில் பேசிச் சமாளிக்க. கயிறு என்பது, தோணியில் நின்று குளியாளியின் கயிற்றைப் பிடித்திருக்கும் ஆளுக்கு. கீழே ஆபத்தென்றால் இவன் கயிற்றைச் சுண்டுவான், அவன் இழுக்க வேண்டும். பிரித்த கணக்கைத் தாளில் எழுதி அண்ணாச்சியிடம் கொடுத்துவிட வேண்டும். தாள் அவருடைய மேசை டிராயருக்குள் போகும், சாவி அவர் இடுப்பில்.

அந்த இருபதைப் பிரிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. பழைய படிவங்களின் பின்பக்கமெல்லாம் போட்டுப் போட்டு அடித்தேன். கடைசியில் மூச்சுக்கு எட்டு, கண்ணுக்கு ஆறு, கைக்கு மூன்று, வாய்க்கு மூன்று. கயிற்றுக்கு சைபர். கடற்கரைக்காரன் எவனும் இப்படிச் செய்யமாட்டான். அங்கே மனைவியின் அண்ணனோ தம்பியோதான் கயிறு பிடிப்பது வழக்கம். தங்கச்சி தாலியை எவன் அறுப்பான் என்ற நம்பிக்கை. நான் ஸ்ரீவைகுண்டத்து வயக்காட்டுக்காரன். என் மச்சினனோடு எனக்கு வரப்புத் தகராறு, கோர்ட்டில் நடக்கிறது. அவன் கையில் என் கயிறா என்று நினைத்துத்தான் சைபர் போட்டேன்.

அண்ணாச்சி தாளை வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "வைகுண்டத்துக்காரரே, குதிக்கது உம்ம இஷ்டம். ஏறுதது உம்ம இஷ்டம் இல்ல, பாத்துக்கிடும்" என்றார். என்னைப் பயமுறுத்திப் புள்ளியை மாற்ற வைக்கப் பார்க்கிறார் என்று எண்ணி, மாற்ற மறுத்துவிட்டேன்.

ஆட்டம் தொடங்கியது. அண்ணாச்சி பகடையை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் உருட்டுவார். எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கும். என் ஆள் மூன்று முறை கீழே மாட்டிக்கொண்டான். கயிற்றுக்கு சைபர் போட்டவன் அந்த மூன்று முறையும் செத்திருக்க வேண்டும். மூன்று முறையும் மேலே வந்தான். "உங்க ஆளுக்கு மட்டும் சாவே கிடையாதா?" என்று கொச்சியிலிருந்து வர்கீஸ் அடித்தார். முதலில் எனக்குச் சந்தோஷம்தான். பிறகு சந்தேகம். என்னை எதற்காகக் காப்பாற்றுகிறார்? கடைசியில் மொத்தமாகக் கவிழ்க்கவா?

நான் நினைத்தபடியே நடந்தது. கண்ணுக்கு ஆறு புள்ளி வைத்த புண்ணியத்தில், மூன்றாம் பாரில், அதாவது கடலடியில் சிப்பி விளையும் மூன்றாவது திட்டில், ஏராளமாகச் சிப்பி கிடப்பதை என் ஆள் பார்த்துவிட்டான். எனக்கும் நடுவருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். நான்கு நாள் கழித்து வர்கீஸ் நேராக அங்கே போய் அள்ளிக்கொண்டு ஜெயித்தார்.

அலுவலகத்தில் அத்தனை பேர் முன்னால் கேட்டேன். "அண்ணாச்சி, என் இடத்தை அவனுக்குச் சொன்னது நீங்கதான?"

"நான் சொல்லலவே."

"வேற யாருக்குத் தெரியும்?"

அவர் மெஷினை விட்டு எழுந்து வந்தார். "ஆட்டத்துல சந்தேகப்படும், அது ஆட்டம். ஆள் மேல சந்தேகப்பட்டா அதுக்கு மருந்து கிடையாது" என்றார்.

அதோடு பேச்சை நிறுத்தினேன். நான்கு மாதம். அனுப்ப வேண்டிய செய்திகளை அவருடைய தட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவேன். "சாப்பிட்டீரா?" என்று தினமும் கேட்பார். எனக்குக் காது கேட்காது. அப்படியே அவர் போய்விட்டார்.

அடக்கத்துக்கு வர்கீஸ் பஸ் ஏறி வந்திருந்தார். என் எதிராளியை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். மெலிந்த, சாதுவான மனிதர். கல்லறைத் தோட்டத்து வாசலில் வைத்து அவரிடம் கேட்டே விட்டேன்.

"அண்ணாச்சி எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லை," என்றார். "நீங்கதான் சொன்னீங்க."

"நானா?"

"மூணு நாள் விடாம மெஷின்ல கேட்டீங்களே. 'மூணாம் பார்ப் பக்கம் போவீங்களா? அங்க ஏதாவது இருக்குன்னு கேள்விப்பட்டீங்களா? அண்ணாச்சி ஏதும் சொன்னாரா?' அங்க ஒண்ணுமில்லாம ஒரு ஆள் இத்தனை தடவை கேப்பாரா?"

கேட்டது உண்மை. அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று வேவு பார்க்கத்தான் கேட்டேன். ஆனாலும் பாருங்கள், அந்த இடத்தில் நின்றுகொண்டு, இவர் பொய் சொல்கிறாரோ என்றுதான் அப்போதும் என் மனம் போனது.

மறு வாரம், அண்ணாச்சியின் டிராயரை ஒழித்துச் சாமான்களை அவர் வீட்டில் சேர்க்கும்படி மேனேஜர் என்னிடம் சாவியைக் கொடுத்தார். ஒழிக்கப் போனேன் என்று சொன்னால் அது பொய். சாட்சி தேடித்தான் போனேன். ஒரு ஜெபமாலை, கண்ணாடிக்கூடு, இரண்டு பகடை. அடியில் எங்கள் இருவருடைய தாள்கள். வர்கீஸின் தாள் சுத்தமாக இருந்தது. என் தாளில், "கயிறு: 0" என்று நான் எழுதியதற்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி. அண்ணாச்சியின் சாய்ந்த கையெழுத்து.

"இவருக்கு நான் பிடிச்சுக்கிடுதேன்."

அந்த மேசைமேலேயே தலையைக் கவிழ்த்து அழுதேன். யார் பார்த்தார்கள், என்ன நினைத்தார்கள் என்றெல்லாம் அன்று எனக்குத் தோன்றவில்லை.

நடுவர் ஒருவருக்கு மட்டும் கயிறு பிடிப்பது பச்சையான ஓரவஞ்சனை. வர்கீஸ் இதைப் படித்தால், என் ஆளுக்கு மட்டும் சாவே கிடையாதா என்ற அவர் புகார் நியாயமானது என்று ஒப்புக்கொள்கிறேன். அண்ணாச்சி ஓரவஞ்சனை செய்கிறார் என்று நான் சந்தேகப்பட்டதும் சரிதான். யாருக்காக என்பதில்தான் தவறிவிட்டேன்.

ஜெபமாலை, கண்ணாடிக்கூடு, பகடை எல்லாவற்றையும் வீட்டில் கொடுத்துவிட்டேன். என் தாளைக் கொடுக்கவில்லை. அந்த வரியை அவர் எப்போது எழுதினார்? நான் தாளைக் கொடுத்த அன்றா, இல்லை நான் பேசாமலிருந்த நாட்களில், என்றாவது என் கையில் கிடைக்கும் என்று எழுதி வைத்தாரா? என் புத்தி கேட்கத்தான் செய்கிறது. உட்கார்ந்து ஆராய்ந்தால் ஏதாவது தெரியவும் கூடும். நான் ஆராயவில்லை. அண்ணாச்சியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இதுதான். என்னிடம் இருக்கும் தாள்களில் நான் சரிபார்க்காமல் வைத்திருக்கும் ஒரே தாள்.